ரத்தக்காரம்மாவின் கம்பளிப் பட்டை

ரத்தக்காரம்மாவும் அவருடைய கணவரும் பசுவின் ஒரே பக்கத்தில் நின்று பிழைப்பவர்கள். கணவர் வாலைத் தூக்கி, தோள்வரை உறை மாட்டிய கையை உள்ளே விட்டு, குளிரில் வைத்திருந்த காளை விந்தைக் கருப்பையில் சேர்ப்பார். அதை யாரும் கருவூட்டல் என்று சொல்வதில்லை. சினை ஊசி என்றுதான் சொல்வார்கள். அதனால் அவர் ஊசிக்காரர். இருபத்திரண்டு நாள் கழித்து மனைவி அதே வாலைத் தூக்கி, அதன் அடியில் ஓடும் ரத்த நாளத்திலிருந்து ஒரு குழாய் ரத்தம் எடுப்பார். கணவர் போட்ட ஊசி நின்றதா இல்லையா என்று அந்த ரத்தம் சொல்லும். இப்படி ஓர் ஏற்பாடு ஒரு குடும்பத்துக்கு நல்லதா என்று பால் சங்கத்தில் யாரும் யோசிக்கவில்லை. இரண்டு வேலைக்கும் ஆள் தேவைப்பட்டது, ஒரே வீட்டில் இரண்டு ஆள் கிடைத்தார்கள்.

ரத்தக்காரம்மாவுக்கு வயது நாற்பத்தொன்பது. கால்நடை ஆய்வகத்தில் வேலைக்குச் சேர்ந்து பத்தொன்பது ஆண்டு ஆகிறது. இதில் கடைசி நான்கு மாதம் தவிர மற்ற காலமெல்லாம் ஒரே பரிசோதனைதான். மாடுகளுக்குக் கன்று கலைய வைக்கும் தொற்றுநோய் இருக்கிறதா என்று பார்ப்பது. அதற்கு ரத்தம் குழாயிலேயே உறைய வேண்டும். உறைந்தபின் மேலே மஞ்சளாக ஒரு நீர் தெளிய வேண்டும். குளிர்ந்துபோன ரத்தம் ஒழுங்காகத் தெளியாது. அவர் வேலைக்கு வந்த முதல் குளிர்காலத்தில் நாற்பது குழாய் வீணாயிற்று. அப்போது இருந்த மருத்துவர், "குழாயைச் சூடா வச்சுக்கோம்மா, மாட்டுக்குள்ள இருந்த மாதிரியே" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரமே மாற்றலாகிப் போய்விட்டார்.

சொன்னால் சொன்னபடி செய்கிறவர் ரத்தக்காரம்மா. ஒரு கம்பளிப் போர்வையை வெட்டி, குழாய்க்கு ஒன்றாக இருபது அறை வைத்து ஒரு பட்டை தைத்தார். அதை வேலைக் கோட்டுக்கு அடியில் வயிற்றோடு வயிறாகக் கட்டிக்கொள்வார். ஸ்கூட்டரை மணிக்கு இருபது கிலோமீட்டருக்கு மேல் முறுக்க மாட்டார். குலுங்கினால் ரத்த அணுக்கள் உடைந்து நீர் சிவந்துவிடும். மாட்டு வண்டிக்காரர்கூட அவருக்குப் பின்னால் வந்தால் மணியடிப்பார். ஒவ்வொரு குழாயிலும் மாட்டின் காது எண், கூப்பிடும் பெயர், எடுத்த நேரம் மூன்றையும் உருண்டை எழுத்தில் எழுதுவார். பிறகு அதையே ஒரு நீல நோட்டில் இன்னொரு முறை எழுதுவார். அந்த முதல் குளிர்காலத்துக்குப் பிறகு அவர் கொண்டுவந்த குழாய் ஒன்றுகூட வீணானதில்லை. இதைப் பாராட்டி ஆய்வகம் கொடுத்த சான்றிதழ், அங்கேயே சுவரில் தீயணைப்பு உருளைக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது.

நான்கு மாதத்துக்கு முன்னால் ஆய்வகத்துக்கு ஒரு புது இயந்திரம் வந்தது. சினையைத் தாங்கி நிறுத்தும் ஹார்மோன் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அது அளக்கும். ஊசி போட்டு மூன்று வாரம் கழித்துப் பார்த்தால், சினை பிடித்த பசுவில் அது ஏறியே இருக்கும். பிடிக்காத பசுவில் இறங்கிப் போயிருக்கும். எண் இரண்டுக்கு மேல் இருந்தால் சினை, கீழே இருந்தால் காலி. இந்தச் சோதனைக்கு ரத்தம் உறையக் கூடாது. அதனால் சிவப்பு மூடிக் குழாய்க்குப் பதிலாக, உள்ளே மருந்து தடவிய பச்சை மூடிக் குழாய் கொடுத்தார்கள். மூடியின் நிறம்தான் மாறியதே தவிர, குழாயின் பருமன் மாறவில்லை. பட்டையின் அறைகளில் கச்சிதமாகப் பொருந்தியது. ரத்தக்காரம்மா வேறு எதையும் மாற்ற வேண்டும் என்று நினைக்கவில்லை. யாரும் சொல்லவும் இல்லை.

அவர் போகும் வழியில் ஐந்து பண்ணைகள். காலை ஆறு மணிக்கு மேட்டுப் பண்ணையில் தொடங்கி, இறங்கிக்கொண்டே வந்து, பதினொன்றேகாலுக்குத் தன் நாத்தனார் வீட்டுத் தொழுவத்தில் முடிப்பார். அங்கிருந்து ஆய்வகம் பத்து நிமிடம்.

முதல் மாத முடிவுகள் வந்தபோது மேட்டுப் பண்ணையில் எல்லா மாடும் காலி. நாத்தனார் தொழுவத்தில் ஐந்தில் நான்கு சினை. இரண்டாம் மாதமும் அப்படியே.

மேட்டுப் பண்ணைக்காரர் பெரிய குரல் உள்ளவர். அவர் பால் சங்கத்தின் வாசலில் நின்று பேசினால் உள்ளே தொலைபேசியில் பேசுகிறவர்கள் வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள்.

"தங்கச்சி வீட்டு மாட்டுக்கு மட்டும் நல்ல சரக்கு! நமக்கு என்ன, கழுவின தண்ணியா? நாலு மாடு, நாலும் காலி. கேட்டா ஹார்மோனாம். எனக்குத் தெரியாதா எந்த ஹார்மோன்னு? அதுக்குப் பேரு பாசம்!"

இதைக் கேட்டவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்கள் வீட்டுக்குப் போய்த் தங்கள் மாட்டின் முடிவைப் பார்த்தார்கள். மேட்டுக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் சிரிப்பதை நிறுத்தினார்கள்.

காலியான பசு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பருவத்துக்கு வந்து கத்த வேண்டும். மேட்டுப் பண்ணை மாடுகள் கத்தவில்லை. நிம்மதியாகப் படுத்து அசைபோட்டன. "காலியும் ஆக்கிட்டான், கத்தவும் விடாம பண்ணிட்டான்" என்று அதற்கும் ஊசிக்காரருக்கே திட்டு விழுந்தது. மூன்றாவது மாதம் மேட்டுப் பண்ணைக்காரர், கன்றே ஈனாத, முதல் ஊசியும் நிற்காத கிடாரி எதற்கு என்று ஒன்றைக் கறிக்கு விற்றுவிட்டார். அன்றே சங்கத்துக்கு ஒரு புகார் எழுதினார். ஊசிக்காரரை நீக்கிவிட்டு வேறு ஆளைப் போட வேண்டும். இல்லாவிட்டால் மேட்டுப் பக்கத்துப் பால் முழுவதும் வேறு சங்கத்துக்குப் போகும். அடுத்த மாதக் கூட்டத்தில் இதை எடுத்துக்கொள்வதாகச் செயலாளர் பதில் எழுதினார்.

ஊசிக்காரர் சண்டை போடுகிற ஆள் இல்லை. இருபத்தாறு ஆண்டாக அதிகமாகப் பேசாமல் கையால் வேலை செய்து பழகியவர். புகாரின் நகல் வந்த நாளிலிருந்து பொருள்களைக் கழுவ ஆரம்பித்தார். ஏற்கெனவே கழுவியதைக் கழுவினார். உறைந்த விந்து இருக்கும் குச்சியை இளக்கும் வெந்நீரின் சூடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வெப்பமானி வாங்கினார். பிறகு அந்த வெப்பமானி சரியாக இருக்கிறதா என்று பார்க்க இன்னொன்று வாங்கினார். இரண்டும் அரை டிகிரி வித்தியாசம் காட்டின. அதன்பின் அவருக்குத் தூக்கம் வரவில்லை.

அதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்றும் அவருக்கு இருந்தது. அவர் ஒருநாள் மேட்டுப் பண்ணையில், காலி என்று முடிவு வந்திருந்த பசு ஒன்றைச் சும்மா கையை விட்டுப் பார்த்தார். கருப்பை ஒரு பக்கம் கனத்து, உள்ளே தண்ணீர்ப் பை மிதப்பதுபோல் விரலில் பட்டது. இரண்டு மாதச் சினைக்கு அப்படித்தான் இருக்கும். ஆனால் காகிதத்தில் காலி என்று இருந்தது, எண்ணும் இருந்தது, முத்திரையும் இருந்தது. அவர் கையை வெளியே எடுத்து, உறையைக் கழற்றிவிட்டு, தன் விரல்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் சொன்னார்.

"என் கைக்குப் புத்தி போயிடுச்சு. இல்லாததெல்லாம் இருக்கிற மாதிரி படுது."

ரத்தக்காரம்மா சோறு போட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நாளாகவே அவர் நாக்கு நுனியில் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அன்றைக்கு அது இறங்கிவிட்டது.

"எல்லா இடத்துலயும் போன புத்தி, உங்க தங்கச்சி தொழுவத்துல மட்டும் எப்படித் திரும்பி வருது?"

ஊசிக்காரர் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார்.

"நீயுமா?"

"நான் ஒண்ணும் சொல்லல. ஊரு கேக்குது."

"ஊரு கேக்கட்டும். நீ கேக்கிறியா?"

ரத்தக்காரம்மா சோற்றுப் பானையை மூடினார். ஊசிக்காரர் சாப்பிட்டு முடித்து, தட்டைத் தானே கழுவி, இன்னொரு முறையும் கழுவி வைத்தார். அதற்குப் பிறகு இரண்டு வாரம் அந்த வீட்டில், "தண்ணி சூடாயிடுச்சு", "கதவைச் சாத்து" என்ற அளவில்தான் பேச்சு நடந்தது.

ரத்தக்காரம்மா தன் பங்குக்கு ஒன்று செய்தார். கூட்டத்தில் யாராவது ஒருவர், ரத்தம் எடுத்ததில் கோளாறு என்று சொல்லிவிடக் கூடாது. பெண்டாட்டி எடுத்த ரத்தம் என்று ஏற்கெனவே கண் வைத்திருக்கிறார்கள். அதனால் கவனத்தைக் கூட்டினார். பட்டைக்கு இன்னொரு அடுக்கு கம்பளி வைத்துத் தைத்தார். ஸ்கூட்டரை பதினைந்து கிலோமீட்டருக்குக் குறைத்தார். குண்டும் குழியுமான இடங்களில் இறங்கித் தள்ளிக்கொண்டே வந்தார். ஆய்வகம் வந்து சேர மதியம் பன்னிரண்டே முக்கால் ஆயிற்று.

அந்த மாதம் இரண்டாவது பண்ணையும் முழுக்கக் காலி ஆனது. மூன்றாவது பண்ணையில் பாதி போயிற்று. மலட்டுத்தனம் ஏதோ வெள்ளம் மாதிரி மேட்டிலிருந்து சாலை வழியாக இறங்கி வந்துகொண்டிருந்தது. நாத்தனார் மட்டும் எப்போதும்போல் இருந்தார். "எங்க தண்ணி அப்படி அண்ணி" என்றார்.

கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமை என்று முடிவானது. அதற்கு முந்திய திங்கட்கிழமைதான் குழாய் உருண்டது.

அன்று காலை மேட்டுப் பண்ணையில் சுட்டி என்ற பசுவிடம் ரத்தம் எடுத்து, குழாயில் பெயரும் நேரமும் எழுதி முடித்தார் ரத்தக்காரம்மா. சுட்டி வாலால் ஒரு வீசு வீசியது. குழாய் கையிலிருந்து பறந்து தீவனத் தொட்டிக்கு அடியில் எங்கேயோ போய்விட்டது. குனிந்து தேடினார், கிடைக்கவில்லை. இன்னொரு குழாய் எடுத்து, அதே விவரத்தை எழுதி, பட்டைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

அவர் போன ஐந்தாவது நிமிடம் மேட்டுப் பண்ணைக்காரர் தொட்டிக்கடியில் குழாயைப் பார்த்தார். உடையவில்லை. எதையும் வீணாக்குகிற மனிதர் இல்லை அவர். அந்த நேரம் பால் வண்டி வந்தது. ஓட்டுநரிடம் கொடுத்து, "ஆய்வகம் வழியாத்தானே போறே, இதைப் போட்டுடு. அப்புறம் குழாய் தொலைஞ்சு போச்சு, அதான் காலின்னு கதை விடுவாங்க" என்றார். ஓட்டுநர் அதைப் பால் கேன்களுக்கு நடுவே ஐஸ் பெட்டியில் செருகினார். அவர் மணிக்கு அறுபதுக்குக் குறைந்து ஓட்டத் தெரியாதவர். ஏழு மணிக்கு ஆய்வகத்தில் இருந்தார்.

ஆய்வகத்தில் சோதனை செய்கிற பெண்ணை எல்லோரும் கண்ணாடி என்று கூப்பிடுவார்கள். அவர் போட்டிருக்கும் கண்ணாடி அவ்வளவு பெரியது. வந்த குழாயைக் காக்க வைக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. உடனே சுழலும் இயந்திரத்தில் போட்டு, அணுக்களை அடியில் இறக்கி, மேலே நின்ற நீரைத் தனியாக எடுத்து வைத்தார். மதியம் ரத்தக்காரம்மா கொண்டுவந்த குழாய்களையும் அப்படியே செய்தார். மாலையில் எல்லாவற்றையும் சேர்த்து அளந்தபோது சுட்டிக்கு இரண்டு எண் வந்தது. ஒன்று ஐந்து புள்ளி ஒன்பது. இன்னொன்று ஒன்று புள்ளி ஒன்று.

மறுநாள் காலை கண்ணாடி இரண்டு குழாயையும் மேசைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. ரெண்டு மாட்டு ரத்தத்துல ஒரே பேரை எழுதிட்டீங்க."

ரத்தக்காரம்மா குழாய்களைப் பார்த்தார். இரண்டும் தன் உருண்டை எழுத்துதான். காணாமல் போன குழாய் எப்படி இங்கே வந்தது என்று முதலில் கேட்டார். கண்ணாடி சொன்னார்.

"அப்ப ரெண்டும் சுட்டிதான்."

"இருக்காதுக்கா. ஒண்ணு சினை, ஒண்ணு காலி. ஒரு மாடு எப்படி ரெண்டாவும் இருக்கும்?"

"அது எனக்குத் தெரியாது. ரெண்டும் சுட்டி."

"ஒரு தடவை மாறிப்போச்சுன்னு எழுதிக் கொடுத்திடுங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. பத்தொன்பது வருஷத்துல ஒரு தடவைதானே?"

அந்தக் கடைசி வாக்கியம்தான் ரத்தக்காரம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"பத்தொன்பது வருஷத்துல ஒரு தடவைகூட இல்லம்மா! காதுல நம்பரைப் பாத்து எழுதறேன். எழுதிட்டு மறுபடி காதைப் பாக்கறேன். மாடே மாறினாலும் மாறும், என் எழுத்து மாறாது. உன் மிஷினைப் போய்ப் பாரு."

"மிஷினை நேத்துதான் சரி பாத்தேன்."

"அப்ப என்னையும் சரி பாரு. எங்க நாத்தனார் வீட்டுல நாலு மாடு சினைன்னு நீதானே எழுதிக் கொடுத்தே? அதுல ஒண்ணுல ஏழு குழாய் எடுத்து வரேன். உன் கண்ணு முன்னாடி எடுக்கறேன், நீயே பேர் எழுது. எல்லாம் ஒரே எண் வருதா இல்லையா பாப்போம்."

கண்ணாடி இரண்டு குழாயையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு, "ஒண்ணு பால் வண்டியில ஐஸ்ல வந்துச்சு. இன்னொண்ணு உங்க பட்டையில வந்துச்சு" என்று தனக்குத்தானே சொல்வதுபோல் சொன்னார்.

"அதனால?"

"அதனால மூணு குழாயை ஐஸ்ல வைப்போம். மூணு பட்டையில."

புதன்கிழமை காலை நாத்தனார் தொழுவத்தில் ஒரே பசுவின் வாலிலிருந்து ஏழு குழாய் எடுத்தார்கள். "ஏன் அண்ணி, எங்க மாட்டுல ரத்தம் மிச்சம் வைப்பீங்களா?" என்றார் நாத்தனார். முதல் குழாயை அப்போதே கொண்டுபோய்ச் சுழற்றினார்கள். மூன்று ஐஸ் பெட்டிக்குள் போயின. மூன்று பட்டைக்குள் போயின. ரத்தக்காரம்மா பட்டையைக் கட்டிக்கொண்டு ஆய்வகத்து நாற்காலியில் ஐந்தரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். கண்ணாடி அவ்வப்போது வந்து, ஐஸிலிருந்து ஒன்றும் பட்டையிலிருந்து ஒன்றும் எடுத்துப் போனார்.

"அடைகாக்கிற மாதிரியே இருக்கீங்கக்கா."

"பொரிஞ்சா சொல்றேன். போய் வேலையைப் பாரு."

மாலையில் எண்கள் வந்தன. உடனே சுழற்றியது ஆறு புள்ளி எட்டு. ஐஸில் ஐந்தரை மணி நேரம் இருந்தது ஆறு புள்ளி ஐந்து. பட்டையில் இரண்டு மணி நேரம் இருந்தது நான்கு புள்ளி ஏழு. நான்கு மணி நேரம், இரண்டு புள்ளி ஆறு. ஐந்தரை மணி நேரம், ஒன்று புள்ளி ஐந்து. பசு வைக்கோல் தின்றுகொண்டு ஒரே இடத்தில் நின்றிருந்தது. அதன் ரத்தம் மட்டும் ரத்தக்காரம்மாவின் வயிற்றில் சினையிலிருந்து காலிக்குப் போயிருந்தது.

"குழாய்க்குள்ள வந்தாலும் ரத்தம் சாகறதில்லக்கா" என்றார் கண்ணாடி. மெதுவாகத்தான் சொன்னார். "மாட்டு ரத்தத்துல இருக்கிற சிவப்பு அணு இந்த ஹார்மோனைச் சிதைச்சுக்கிட்டே இருக்கும் போல. குளிர்ல வச்சா கையைக் கட்டிட்டுச் சும்மா இருக்கு. சூடா வச்சா வேலை பாக்குது. உங்க பட்டையில ரொம்ப நல்லா வேலை பாத்திருக்கு."

"நோய்ப் பரிசோதனைக்கு?"

"அதுக்கு நீங்க செஞ்சதுதான் சரி. அது வேற, இது வேற. எனக்கும் தோணல. குழாய் வந்த அடுத்த நிமிஷம் சுழற்றிடறேனேன்னு நான் பெருமையா இருந்தேன்."

ரத்தக்காரம்மா நீல நோட்டைத் திறந்து மேசைமேல் வைத்தார். நான்கு மாதத்தில் எடுத்த அறுபத்தொரு குழாய்க்கும் நேரம் எழுதியிருந்தது. கண்ணாடி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் எண்ணை எழுதினார். ஒவ்வொரு நாளும், ஆறு மணிக்கு எடுத்தது அடியில் கிடந்தது. நேரம் ஏற ஏற எண்ணும் ஏறியது. கம்பளிக்கு இரண்டாவது அடுக்கு தைத்த நாளையும் நோட்டில் குறித்து வைத்திருந்தார். அதற்கு அடுத்த பக்கத்திலிருந்து எல்லா எண்ணும் இன்னும் ஒரு படி இறங்கியது. தன்மேல் இவ்வளவு துல்லியமாகச் சாட்சி எழுதி வைத்த ஆள் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

"பேர் மாறலைதானே?" என்று கேட்டார் ரத்தக்காரம்மா.

"ஒண்ணுகூட மாறலக்கா."

"அதுவாவது இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்தபோது ஊசிக்காரர் வாளித் தண்ணீரில் இரண்டு வெப்பமானியையும் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். ரத்தக்காரம்மா எதிரே நின்றார். வழியெல்லாம் வாக்கியம் வாக்கியமாகச் சேர்த்து வந்திருந்தார். பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் நேரம் நிறைய இருந்தது. இருந்தும் வாயில் வந்தது வேறு.

"வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு நானும் வரேன்."

"எதுக்கு? நான் திட்டு வாங்கறதைப் பாக்கவா?"

"நீங்க போட்டதெல்லாம் நின்னிருக்கு. நான்தான் வழியில அழிச்சிருக்கேன்."

ஊசிக்காரருக்கு முதலில் புரியவில்லை. ரத்தக்காரம்மா தரையில் உட்கார்ந்து, ஐஸ், பட்டை, நோட்டு என்று முதலிலிருந்து சொன்னார். கடைசியில், "உங்க தங்கச்சி தொழுவம் ஆய்வகத்துக்குப் பக்கத்துல இருக்கு. அவ்வளவுதான் விஷயம். நான் அன்னிக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாது" என்றார்.

ஊசிக்காரர் வாளியிலிருந்து ஒரு வெப்பமானியை எடுத்துத் துடைத்தார்.

"அப்ப அன்னிக்கு என் கையில பட்டது?"

"சினையாத்தான் இருக்கும்."

"எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு" என்றார் அவர். இரண்டாவது வெப்பமானியை எடுக்க மறந்து எழுந்து போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் கூட்டத்தில் பதினோரு பேர் இருந்தார்கள். செயலாளர் புகாரைப் படித்தார். மேட்டுப் பண்ணைக்காரர் அதையே திரும்ப, பெரிய குரலில், எழுதாத சில சொற்களையும் சேர்த்துச் சொன்னார். ஊசிக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரத்தக்காரம்மா எழுந்து, பட்டையை மேசைமேல் வைத்து, நீல நோட்டை அதன் பக்கத்தில் வைத்தார். ஐந்து நிமிடம் பேசினார். நல்லதாகவோ கெட்டதாகவோ எதையும் கூட்டிச் சொல்லவில்லை. எந்தக் குழாய், எத்தனை மணி, எத்தனை எண் என்று சொல்லிவிட்டு, "தப்பு அவர் மேல இல்ல. என் மேல" என்று முடித்தார்.

செயலாளர் பட்டையை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"இதை என்ன பண்றது?"

"நோய்ப் பரிசோதனைக்கு வேணும்."

"சரி, எடுத்துக்கோங்க."

மேட்டுப் பண்ணைக்காரர் எழுந்தார். "புருஷனைக் காப்பாத்த பெண்டாட்டி சொல்றா. நாங்க நம்பணுமாக்கும்!"

"நம்ப வேணாம்" என்றார் ரத்தக்காரம்மா. "உங்க தொழுவத்துல காலின்னு முடிவு வந்த மாடு எட்டு நிக்குது. அதுல ரெண்டு மாசம் தாண்டினதும் இருக்கு. அவரைக் கையை விட்டுப் பாக்கச் சொல்லுங்க. இருந்தா பனிக்குடம் விரல்ல படும். வேற ஆள்தான் வேணும்னா வேற ஆளைக் கூட்டிட்டு வந்து பாருங்க."

கூட்டம் பாதியில் நின்றது. பால் வண்டியில் ஆறு பேர் ஏறினார்கள். ஓட்டுநர் வழக்கமான வேகத்தில் ஓட்டினார். ரத்தக்காரம்மா பத்தொன்பது ஆண்டில் முதல்முறையாக அந்தச் சாலையைக் கால் மணி நேரத்தில் கடந்தார். இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

தொழுவத்தில் ஊசிக்காரர் உறையை மாட்டிக்கொண்டு முதல் பசுவின் பின்னால் நின்றார். கை முழங்கைக்கு மேல் உள்ளே போனது. அவர் மேலே கூரையைப் பார்த்தார். பசு மென்றுகொண்டிருந்தது.

"ரெண்டு மாசம் இருபது நாள்" என்றார்.

மேட்டுப் பண்ணைக்காரர் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். ஊசி போட்ட தேதியிலிருந்து விரல்விட்டு எண்ணினார். இரண்டு மாதம் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. குரல் முதன்முறையாக மற்றவர்கள் குரல் அளவுக்கு இறங்கியது.

"அப்ப, நான் வித்த கிடாரி?"

சுவரோரம் ஒரு முளைக்குச்சியும் வெறுங்கயிறும் கிடந்தன. எல்லோரும் அதைத் தவிர மற்ற இடங்களைப் பார்த்தார்கள். ரத்தக்காரம்மா நோட்டைப் புரட்டினார்.

"காலையில ஆறு பத்துக்கு எடுத்தது. எண் ஒண்ணு புள்ளி நாலு." நோட்டை மூடினார். "சினையா இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். எனக்குத் தெரியாதுங்க. இனிமே யாருக்கும் தெரியாது."

மேட்டுப் பண்ணைக்காரர் திட்டுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் கயிற்றைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, "அடுத்த மாட்டைப் பாருங்க" என்றார்.

ஊசிக்காரர் அடுத்ததைப் பார்த்தார். அதற்கடுத்ததையும் பார்த்தார். ரத்தக்காரம்மா பக்கத்தில் நின்று, அவர் சொல்லச் சொல்ல எழுதினார். ஒன்றரை மாதம். மூன்று மாதம், இது இரட்டையாக இருக்குமோ, அடுத்த மாதம் சொல்கிறேன். சுட்டி இப்போதுதான் மூன்றரை வாரம், கைக்கு இன்னும் பிடிபடாது, வாலை மட்டும் தட்டிவிட்டு வந்தார். பேச்சு அவருக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பசுவுக்கும் ஒரு வாக்கியம் கூடியது. மேட்டுப் பண்ணைக்காரர் பின்னாலேயே நடந்து ஒவ்வொரு காகிதத்திலும் காலி என்று இருந்ததை அடித்துக்கொண்டே வந்தார்.

கடைசிப் பசுவிடம் ஊசிக்காரர் அதிக நேரம் எடுத்தார். இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். கையை எடுத்து உறையைக் கழற்றினார்.

"இது காலி."

மேட்டுப் பண்ணைக்காரர் அடிக்கப்போன பேனாவை நிறுத்தினார்.

"நிஜமாவே காலியா? இல்ல, இதுவும் அந்தக் கம்பளிக் காலியா?"

"நிஜமான காலி" என்றார் ஊசிக்காரர். முகமெல்லாம் சிரிப்பாக இருந்தது. "நான் சொல்றேன், காலி. ஒண்ணுமே இல்ல. எழுதிக்கோ" என்று மனைவியிடம் திரும்பினார்.

அவர் எழுதிக்கொண்டார், நேரத்தோடு.